அம்மாவின் கண்ணுக்கு ஊசியா, ஸ்டெம் செல்லா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெரியகுளத்தான்

அம்மாவுக்கு 71 வயது. மார்கழி வந்தால் வாசலை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். இந்த வருடம் ஒரு நாள் விடியற்காலையில், போட்ட புள்ளிக்கோலத்தை மூன்று முறை அழித்துவிட்டு நின்றார். கேட்டதற்கு, "நடுவில் புள்ளி வரிசை வளைந்து போகிறது, மாவு சரியில்லை" என்றார். நான் குனிந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஜன்னல் கம்பியும் வளைகிறது என்றபோதுதான் உறைத்தது.

மதுரைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். வலது கண்ணில் ஈர வகை மாகுலா சிதைவு, மாகுலா எனப்படும் விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்து நீர் கசிகிறது என்றார்கள். மாதம் ஒன்று வீதம் மூன்று மாதம் கண்ணுக்குள் ஊசி, அதன் பிறகு ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்வார்களாம். மருந்தில் இரண்டு வகை. ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலை. விலை குறைந்ததே போதும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பெயரைத் தேடினால் அது குடல் புற்றுநோய் மருந்து. வயிற்றைக் கலக்கியது.

இதற்கிடையில் சித்தப்பா ஒரு விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் போடுவார்களாம். நாலரை லட்சம். "மாதாமாதம் ஊசி குத்துவதற்கு ஒரேயடியாக முடித்துவிடலாமே" என்கிறார். நிலத்தை அடமானம் வைக்கவும் அம்மா தயார். நான் கணக்கு எழுதும் ஆள். இதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஸ்கேன் உண்மையில் தேவைதானா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ஒளிக்கீற்று

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வணக்கம். மாகுலா நோயைக் கண்டுபிடிக்கக் கண் மருத்துவமனைகளில் கட்டம் போட்ட ஓர் அட்டை தருவார்கள். நடுப்புள்ளியைப் பார்த்தபடி கோடுகள் வளைகின்றனவா என்று சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த முறை. உங்கள் அம்மா அதை அரிசி மாவில் தானே வரைந்து தானே சோதித்திருக்கிறார்.

ஓ.சி.டி. (OCT) என்ற அந்த ஸ்கேனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் பிழைப்பே ஒளியியல்தான். விழித்திரையின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அதற்குள் பத்து அடுக்கு. அதை வெட்டாமல், தொடாமல், குறுக்கு வெட்டாகப் பார்க்க வேண்டும். மலைமுன் நின்று கூவினால் எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லலாம். ஒளியை அனுப்பியும் அப்படிச் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் ஒளி 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 33 ஃபெம்டோ நொடிதான் எடுக்கிறது. ஃபெம்டோ என்றால் ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்தாகப் பிரித்தது. அதை அளக்கும் மின்னணுக் கடிகாரம் கிடையாது.

இங்கேதான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த குறுக்கீட்டு விளைவு கை கொடுக்கிறது. ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்கும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பு, திரும்பி வருவதைச் சேர், வெளிச்சமும் இருளுமாக வரிகள் தோன்றும். இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கல்சனின் பழைய கருவிதான். அந்தப் பாடத்தில் வரிகள் தெளிவாக விழ ஒரே நிறம் வேண்டும், ஓரியல் மூலம் (அலைகள் ஒத்திசைந்து வரும் ஒளி) வேண்டும் என்று மனப்பாடம் செய்திருப்போம். இந்த ஸ்கேனில் வேண்டுமென்றே அதைக் கெடுக்கிறார்கள். பல நிறங்கள் கலந்த ஒளியைப் போட்டால், இரண்டு பாதைகளும் சில மைக்ரானுக்குள் சமமாக இருக்கும்போது மட்டுமே வரி தோன்றும், இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் வரி தோன்றுகிறதோ அந்த ஆழத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது என்று பொருள். ஆய்வகத்தில் குறை என்று திட்டு வாங்கித் தரும் ஒளி, இங்கே அளவுகோல்.

1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் குழு இதை வெளியிட்டது. அப்போது படம் பிடித்தது இறந்தவரின் விழித்திரையை. உயிருள்ள கண்ணைப் பிடிக்க மேலும் இரண்டு ஆண்டு ஆயிற்று. 2023இல் மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. முன்பு நகரும் கண்ணாடியோடு நொடிக்கு நானூறு கோடுகள்தான் எடுக்க முடிந்தது. கண் அதற்குள் நாலு முறை அசைந்துவிடும். இப்போது கண்ணாடி நகர்வதே இல்லை, வந்த ஒளியை நிறம் பிரித்துக் கணக்குப் போடுகிறார்கள், நொடிக்குப் பல்லாயிரம் கோடுகள். அம்மா தாடையைப் பலகையில் வைத்து வெளிச்சக் குறியைப் பார்த்த அந்தச் சில நொடிகளில் நடந்தது இவ்வளவும்.

வடமராட்சியாள்

நல்ல விளக்கம். ஒரு சின்னக் குறுக்கீடு: எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் அதைத் தலையீடு என்று படித்தோம். நீங்கள் குறுக்கீடு என்கிறீர்கள். இரண்டுமே வீட்டில் மாமியார் செய்வதுதான்.

தம்பி, உங்கள் அம்மாவின் நிலை மனத்தை வருத்துகிறது. ஒரு கேள்வி, அறியாமல்தான் கேட்கிறேன். நான் உயிரியல் ஆசிரியை என்றாலும் தாவரப் பக்கம். இலங்கைக் கண்தானச் சங்கம் 1961 முதல் இயங்குகிறது, இங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண் போகிறது. அப்படி ஒரு கண்ணை இவருக்கு வைக்க முடியாதா?

குருத்து

அக்கா, தானமாகப் போவது முழுக் கண் அன்று, முன்னால் இருக்கும் கருவிழிப் படலம் மட்டுமே. கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி மாற்றுவது போல. இவருடைய அம்மாவுக்குப் பழுதாகியிருப்பது உள்ளே இருக்கும் விழித்திரை. அது மூளையின் நீட்சி. பல லட்சம் நரம்பிழைகளை வெட்டி ஒட்ட இன்னும் வழியில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தார்கள். கண்ணுக்கு ரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை.

ஸ்டெம் செல் பற்றி நான் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. இரவு வருகிறேன். அதற்குள் பெரியகுளத்தாரே, நிலப் பத்திரத்தை எங்கும் கொண்டு போகாதீர்கள்.

மருந்துச்சீட்டு

புற்றுநோய் மருந்து என்றதும் பயப்படுகிறீர்கள். அது எப்படிக் கண்ணுக்கு வந்தது என்று தெரிந்தால் பயம் போய்விடும். மருந்துத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் 22 வருடம் இருந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டுகிறேன்.

உண்மையில் இந்தக் கதை கண்ணில்தான் தொடங்கியது. 1948இல் ஐசக் மைக்கல்சன் என்ற கண் மருத்துவர் (ஒளிக்கீற்று சொன்னவர் வேறு), விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்று ஊகித்தார். 'எக்ஸ் காரணி' என்றார்கள். யாருக்கும் அது கைக்கு அகப்படவில்லை. 1971இல் பாஸ்டனின் ஜூடா ஃபோக்மன், கட்டி வளர வேண்டுமானால் அதற்குப் புது ரத்தக்குழாய் வேண்டும், அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். நீண்ட காலம் பலர் நம்பவில்லை. 1989இல் கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தின் நெப்போலியோனே ஃபெராரா அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து மரபணுவையும் படித்தார். அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்தான் பெவாசிசுமாப். 2004 பிப்ரவரியில் குடல் புற்றுநோய்க்கு அமெரிக்கா அனுமதித்தது.

கண்ணிலும் அதே பொருள்தான் குழாய்களை முளைக்க வைக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு, நிறை ஏறக்குறைய 1,49,000 டால்டன். விழித்திரையை ஊடுருவாது என்று நினைத்து, 48,000 டால்டன் அளவில் ஒரு துண்டை மட்டும் வடிவமைத்தார்கள். அதுதான் ரானிபிசுமாப், உங்கள் டாக்டர் சொன்ன விலை கூடிய மருந்து. அது அனுமதி பெற்றது 2006 ஜூனில்.

இடையில் 2005இல் மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் ஒரு வேலை செய்தார். கையில் இருந்த பெரிய மருந்தையே சிறிதளவு எடுத்துக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். போகாது என்று நினைத்தது போனது. ஒளிக்கீற்று சொன்ன அதே ஸ்கேனில், விழித்திரைக்கு அடியில் தேங்கிய நீர் வடிந்திருந்தது. அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே அந்த ஸ்கேனின் பெயர்தான் முன்னால் நிற்கும். ஸ்கேன் தேவையா என்று கேட்டீர்களே, அந்தப் படம் இல்லையென்றால் இன்று உங்கள் அம்மாவுக்கு இந்த மலிவு மருந்தே இல்லை.

எதிர்க்கட்சி

நான் எப்போதும் எதிர்ப்பக்கம் உட்காருபவன் என்று எல்லோருக்கும் தெரியும். மருந்துச்சீட்டு ஐயா பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். இரண்டு மருந்தையும் கண்டுபிடித்தது ஒரே நிறுவனம். மலிவானதைக் கண்ணுக்கு அனுமதி கேட்டு அவர்கள் போகவே இல்லை. அமெரிக்காவில் அப்போது ஒன்றின் விலை ஓர் ஊசிக்குச் சுமார் 2,000 டாலர், மற்றது சுமார் 50 டாலர். யாருக்குப் போக மனம் வரும்? இரண்டும் சமம் என்று நிரூபிக்க, அரசாங்கத்தின் தேசியக் கண் நிறுவனம் தன் பணத்தைப் போட்டு ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. 2011இல் முடிவு வந்தது. சுமார் 1,200 நோயாளிகள், ஓராண்டு. பார்வையில் வித்தியாசம் இல்லை.

ஆகவே என் கேள்வி. மாதாமாதம் ஊசி விற்பவர்களுக்கு, ஒரே தடவையில் குணமாக்கும் ஸ்டெம் செல் பிடிக்குமா? ஜப்பானில் 2014இலேயே செய்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் இன்னும் நமக்கு வரவில்லை? சித்தப்பா சொல்வதில் நியாயம் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்?

மருந்துச்சீட்டு

முதல் பத்தி முழுக்க உண்மை, மறுக்கவில்லை. இரண்டாம் பத்தியைக் குருத்து பார்த்துக்கொள்வார்.

ஆனால் மலிவில் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், அது என் துறை. புற்றுநோய்க்கான குப்பியில் 4 மில்லி, அதாவது 100 மில்லிகிராம் இருக்கும். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லி, அதாவது 1.25 மில்லிகிராம். ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கிறார்கள். மருந்தில் கோளாறில்லை, பிரிக்கும் கையில்தான் எல்லாம் இருக்கிறது. கிருமி புகுந்தால் ஒரே நாளில் ஒரு வரிசைக் கண்கள் போகும். 2023 செப்டம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் அப்படித்தான் பலர் பார்வை இழந்தார்கள். இங்கேயும் 2016 தொடக்கத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தைக் கண்ணுக்குப் பயன்படுத்துவது குறித்து எச்சரித்தது, பிறகு அதை விலக்கிக்கொண்டது. எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது "ஏன் புற்றுநோய் மருந்து?" என்பதை அல்ல. "எங்கே, யார், எந்த அறையில் பிரிக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவமனைகள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. இன்னொன்று: ரானிபிசுமாபுக்கு நிகரான உள்நாட்டு மருந்து 2015 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. பணம் கூடினால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

குருத்து

எதிர்க்கட்சியாரே, ஜப்பானை இழுத்தீர்கள், நல்லது. அங்கே நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். (ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்ற அழகான சொல் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் அதைத் தொடவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இனி அப்படியே எழுதுகிறேன். வேறு செல்களாக வளரக்கூடிய செல் அது. நான் அணு என்பதெல்லாம் உயிரணு, அதாவது செல்.)

2006இல் கியோத்தோவின் ஷின்யா யமனாகா எலியின் தோல் அணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு நிலைக்குத் திரும்ப வைத்தார். 2007இல் மனிதத் தோலிலும் செய்தார். 2012இல் நோபல். அப்படித் திரும்பிய அணுவை எந்த உறுப்பின் அணுவாகவும் வளர்த்தெடுக்கலாம். கோபே நகரில் ரிக்கென் ஆய்வகத்தின் மசாயோ தகஹாஷி தேர்ந்தெடுத்தது விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமி அடுக்கை. ஒற்றை அணுத் தடிமன் கொண்ட அந்த அடுக்கு என்ன செய்கிறது தெரியுமா? ஒளியைப் பிடிக்கும் அணுக்களின் நுனி தினமும் பத்தில் ஒரு பங்கு தேய்ந்து உதிர்கிறது. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது இந்த அடுக்குதான். வாசல் பெருக்குகிறவர் படுத்துவிட்டால் வீடு என்னவாகும்? அதுதான் மாகுலா சிதைவு.

70களில் இருந்த ஒரு பெண்மணி. அவருடைய தோலிலிருந்து தொடங்கி, மாதக்கணக்கில் வளர்த்து, சோதித்து, 2014 செப்டம்பர் 12 அன்று 1.3 மி.மீ.க்கு 3 மி.மீ. அளவில் ஒரு படலத்தை ஒரு கண்ணில் வைத்தார்கள். ஒரு கண்ணில். அரிசிமணி அளவு. அதற்கு ஏறக்குறைய 10 கோடி யென் செலவானதாகச் செய்திகள் வந்தன. அவரிடம் யாரும் பணம் வாங்கவில்லை. இரண்டாவது நோயாளிக்கும் அணுக்கள் தயாராகிவிட்டன. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அதில் சில மாற்றங்கள் தெரிந்தன. புற்றாக மாறும் என்று நிரூபணமில்லை, ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். அவர் தம் பழைய ஊசிக்கே திரும்பினார்.

ஓராண்டு கழித்து முதல் பெண்மணியின் நிலை என்ன? ஸ்கேனில் படலம் வைத்த இடத்திலேயே இருந்தது, கட்டி எதுவும் இல்லை. பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "இதற்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். பெருக்குகிறவரைத் திரும்ப அழைத்து வந்தாலும், அதற்கு முன்பே செத்துப்போன ஒளியுணர் அணுக்கள் எழுந்து வருவதில்லை. வைத்தது தங்குகிறதா, கெடுதல் செய்கிறதா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வியே. பத்து வருடம் ஏன் என்றீர்களே, இதனால்தான்.

இனி முக்கியமான இடம். இந்த முடிவு 2017 மார்ச் 16ஆம் தேதி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது, 1038 முதல் 1046ஆம் பக்கம் வரை. பக்கத்தைப் புரட்டுங்கள். 1047இல் தொடங்குகிறது அடுத்த கட்டுரை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், மூன்று பெண்கள், 72 முதல் 88 வயது, மாகுலா சிதைவு. வயிற்றுக் கொழுப்பை எடுத்து, நொதி சேர்த்து, அன்றே அதைக் குருத்தணு என்று சொல்லி இரண்டு கண்ணிலும் செலுத்தினார்கள். ஆளுக்கு 5,000 டாலர் வாங்கினார்கள். ஊசிக்கு முன் அவர்கள் பார்வை நம் கணக்கில் 6/9இலிருந்து 6/60 வரை (6/6 இயல்பான பார்வை, கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). அதாவது ஒருவர் நன்றாகவே படித்துக்கொண்டிருந்தார். பிறகு ரத்தக்கசிவு, கண் அழுத்தம், விழித்திரை கிழிந்து பிரிதல். ஓராண்டு கழித்து 6/60இலிருந்து வெளிச்சமே தெரியாத நிலை வரை. இருவர் அதை ஆய்வு என்று நம்பிப் போனவர்களா, மூவருமா என்பதை விடுங்கள். முறையான ஆய்வில் சேருகிறவரிடம் பொதுவாக யாரும் கட்டணம் கேட்பதில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் சித்தப்பா அனுப்பிய விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். வயிற்றுக் கொழுப்பு. இரண்டு கண். ஒரே நாள். பணம். இது 1038ஆம் பக்கமா, 1047ஆம் பக்கமா?

எதிர்க்கட்சி

படித்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

கொல்லைப்புறத்து வேம்பு

பெயர் சொல்ல விரும்பவில்லை, ஊரும் வேண்டாம். என் அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே மாலைக்கண், பிறகு பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. பரம்பரை விழித்திரை நோய் என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நகரத்தில் உள்ள மையத்தில் குருத்தணு என்று நான்கு தவணை. மூன்று லட்சத்துக்கு மேல். அண்ணியின் வளையல்கள் போயின. குளிரூட்டிய அறை, திரையில் அணுக்கள் நீந்தும் படம், எல்லோரும் அன்பாகப் பேசினார்கள்.

முடிந்த பிறகு நான் ஒன்று கேட்டேன். "முன்பு எடுத்த ஸ்கேன் மாதிரி இப்போது ஒன்று எடுத்துப் பார்க்கலாமே?" அதற்கு வந்த பதில்: "ஸ்கேன் எதற்கு அம்மா, அவருக்கே வித்தியாசம் தெரியுமே." அண்ணனும் முதல் மாதம் தெரிகிறது என்றுதான் சொன்னார். பணம் கொடுத்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணுக்குக் கேடு வரவில்லை, அந்த மட்டுக்கும் தப்பினோம். நோய் தன் வேகத்தில் போகிறது.

ஒளிக்கீற்று எழுதியதைப் படிக்கும்போது அந்தப் பதிலின் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. அளந்து பார்க்க அவர்களுக்குத் துளியும் ஆசை இல்லை.

நெறியாளர்

இழையில் சிகிச்சை மையங்களின் பெயர்களைக் கேட்டுத் தனி மடல் அனுப்புவதாகப் புகார் வந்திருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். சித்தப்பாவின் விளம்பரப் படத்தை நீக்கிவிட்டேன்.

எதிர்க்கட்சி

சரி, 1047. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குருத்தணு என்றாலே ஏமாற்று என்று இழை முடிந்துவிடக் கூடாது. ஹைதராபாத்தில் கண்ணுக்கே குருத்தணு வைத்துப் பார்வை கொடுக்கிறார்கள் என்று நான் படித்திருக்கிறேன். அதுவும் பொய்யா?

குருத்து

பொய்யில்லை, அழகான வேலை. ஆனால் அது கண்ணின் முன்பக்கம்.

வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு டப்பி இருக்கும், பாக்கெட்டிலும் விற்கிறார்கள். குழந்தை அதைப் பிதுக்கும், பீய்ச்சிக் கண்ணில் அடிக்கும். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது, உள்ளே தின்றுகொண்டே போகும். கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பில்தான் அதைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. அவை வெந்துபோனால் வெள்ளைப் பகுதியின் தோல் கருவிழி மேல் படர்ந்துவிடும். தானக் கண் வைத்தாலும் நிற்காது, புதுப்பிக்க ஆள் இல்லையே.

முன்பெல்லாம் மறு கண்ணின் விளிம்பிலிருந்து சிறிது எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து வைப்பார்கள். அதற்குத் தூய்மை அறை வேண்டும், பெருஞ்செலவு. இத்தாலியில் வளர்ந்த அந்த முறைக்கு 2015இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வான் குழு 2012இல் வேறொன்று செய்தது. நல்ல கண்ணிலிருந்து 2 மி.மீ. துணுக்கு எடு, அதை எட்டுப் பத்துத் துண்டாக நறுக்கு, பனிக்குடப் படலத்தை விரித்து அதன்மேல் நாற்று நட்ட மாதிரி ஒட்டு, மூடு. ஆய்வகம் வேண்டாம், கண்ணே நாற்றங்கால். சில வாரங்களில் துண்டுகள் படர்ந்து ஒன்றாகும். ஒரே அறுவை.

இது வேலை செய்வதற்குக் காரணம், எடுத்த அணு எந்த வேலைக்குப் பிறந்ததோ அதே வேலையில் வைக்கிறார்கள் என்பதுதான். கொழுப்பணுவை விழித்திரைப் பக்கம் ஊற்றி "நீ நிறமி அணுவாகிவிடு" என்றால் அது எதற்குக் கேட்க வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறையும் இதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது: ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சை தவிர, மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்கலாம்.

ஒளிக்கீற்று

கிளைக்கதை ஒன்று, உலர் வகை (ரத்தக்குழாய் முளைத்துக் கசியாத வகை) மாகுலா சிதைவில் நடுப்பார்வை போனவர்களுக்காக. விழித்திரைக்கு அடியில் 2 மி.மீ. சதுரத்தில் ஒரு சிலிக்கான் சில்லு. 378 படப்புள்ளிகள். கம்பி இல்லை, பேட்டரி இல்லை. மூக்குக்கண்ணாடியில் உள்ள கேமரா பார்ப்பதை அகச்சிவப்பு ஒளியாக உள்ளே வீசும். அந்த ஒளியே செய்தி, அதுவே மின்சாரம். ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலங்கர் குழு வடிவமைத்தது. 2025 அக்டோபரில் வந்த ஆய்வில் பலர் எழுத்துகளைப் படித்திருக்கிறார்கள். பெரியகுளத்தாரின் அம்மாவுக்கு இது தேவையில்லை, அவருடையது ஈர வகை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெரியகுளத்தான்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 1047ஆம் பக்கக் கதை முடிந்ததும் "பத்திரத்தைப் பீரோவில் வை" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா கோபத்தில் இருக்கிறார், போகட்டும்.

ஊசி வியாழக்கிழமை. கண்ணுக்குள் ஊசி என்ற நினைப்பிலேயே அம்மா இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பத்தொன்பதாவது ஊசி

பெயரைப் பார்த்தே புரிந்திருக்கும். அம்மாவிடம் இதைப் படியுங்கள்.

முதலில் சொட்டு மருந்து, பல தடவை. கண் மரத்துப்போகும். பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு கிருமிநாசினி, அதுதான் உண்மையில் எரிச்சல், ஊசி அல்ல. முகத்தில் துணி விரித்து இமைகளைச் சின்னக் கம்பியால் விலக்கி வைப்பார்கள். "மேலே பாருங்கள்" என்பார்கள். கருவிழியின் ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில் போடுவார்கள். நேருக்கு நேர் ஊசி வருவது தெரியவே தெரியாது. ஓர் அழுத்தம், ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் முடிந்தது. சில சமயம் பார்வையின் கீழ்ப்பக்கத்தில் கறுப்பாக ஓர் உருண்டை ஆடும், மருந்தோடு போன காற்றுக்குமிழி. தலையை ஆட்டினால் அதுவும் ஆடும். நான் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும்.

வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஓடுங்கள். தலைக்குக் குளிப்பதைச் சில நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இதைத்தான் அம்மாக்கள் கேட்பதில்லை.

வடமராட்சியாள்

அந்த உருண்டைக்கு என்ன பெயர் என்று சொல்லாமல் போனால் நான் இன்றைக்கு நித்திரை கொள்ள மாட்டேன்.

பத்தொன்பதாவது ஊசி

மேலதிகாரி.

பெரியகுளத்தான்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், இழை இன்னும் திறந்திருக்கிறது.

மூன்று ஊசியும் முடிந்தது. முதல் ஊசிக்கு முன் ஸ்கேனில் நடுப்பகுதித் தடிமன் 438 மைக்ரான், நேற்று 291. இரண்டு படத்தையும் டாக்டர் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பு நடுவில் கூடாரம் அடித்த மாதிரி மேடாக இருந்த இடம், இப்போது லேசான குழியாக இருக்கிறது. அங்கே குழிதான் இருக்க வேண்டுமாம். ஊசி இதோடு நிற்காது, இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். மருந்தை எங்கே பிரிக்கிறீர்கள் என்ற கேள்வியையும் கேட்டேன். கோபப்படவில்லை. மாடியில் அந்த அறையின் கண்ணாடிக் கதவு வரை அழைத்துப் போனார் ஒரு செவிலியர்.

இன்று காலை அம்மா வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போட்டார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். மாவு ஒட்டிய விரலோடு மூடியதால் நெற்றியெல்லாம் வெள்ளை. "ஏழாவது வரிசை மட்டும் இன்னும் கொஞ்சம் நெளிகிறது" என்றார். இந்த முறை நான் குனிந்து பார்க்கவில்லை. தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.